கணக்கில் வராத பிள்ளைகள்

2014-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதியன்று, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியிலிருந்து போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனத்தார் அத்தாட்சி அளித்தார்கள். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2011-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி, மேற்கு வங்காளத்து ஹௌரா ஜில்லாவில் இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்றுக்குக் கால் துவண்டதே இயற்கைப் போலியோக் கிருமியால் நமது தேசத்தில் நேர்ந்த கடைசி விபத்து. இது அற்ப சொற்பமான வெற்றியன்று. லக்ஷக்கணக்கான சாதாரண ஸ்திரீ புருஷர்கள் சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்பாதித்த வெற்றி. அதைப் பெற்றுத் தந்த ஏற்பாடுகளில் ஒன்றைப் பற்றி இன்று வாசகர்களுடன் பேச விரும்புகிறோம். புகழ்வதற்காக மட்டும் அன்று.

அந்த ஏற்பாடு யாதெனில், பதினைந்து வயது நிரம்பாத எந்தப் பிள்ளைக்கேனும் திடீரென்று கை கால் துவண்டு போனால், காரணம் எதுவாயிருப்பினும், பார்த்த வைத்தியர் உடனே தகவல் கொடுக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். நோய் கண்ட 14 நாட்களுக்குள், குறைந்தது ஒரு நாள் இடைவிட்டு இரு முறை மலத்தை எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற சோதனைச்சாலைகளுக்கு அனுப்புவார். ஒரு குக்கிராமத்துக் கூலிக்காரனின் குழந்தைக்குக் கூட இந்த விசாரணை உண்டு. இந்தத் தேசத்தில் ஏழையின் காலைத் தேடிக்கொண்டு சர்க்கார் தாமே நடந்து வந்த சந்தர்ப்பம் வேறு எத்தனை உண்டு என்று நாம் யோசித்துப் பார்த்தோம். அதிகம் அகப்படவில்லை.

சில வாரங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு நெசவாளர் ஒருவர் வந்தார். அவருடைய மூத்த மகனுக்கு வயது பதினாறு. பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவன். ஐந்து நாள் ஜுரமும் இருமலுமாகக் கிடந்து எழுந்தான். பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கினான். பன்னிரண்டு நாள் கழித்து, நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று போவது அவனுக்குத் தெரியவில்லை. பாதம் மரத்து, எறும்பு ஊர்வதுபோல் இருந்ததாம். மறு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கு மறு நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பரீக்ஷைக்குப் பயந்து மட்டம் போடுகிறான் என்று தாயார் முதலில் கண்டித்தாள். கடைத்தெரு வைத்தியர் சத்து ஊசி ஒன்று போட்டார். பிறகு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஐந்தாம் நாள் பேச்சுக் குழறி, தண்ணீர் புரையேறியபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பதினொரு நாள் யந்திரத்தின் மூச்சில் கிடந்தான். பிழைத்தான். இப்பொழுது கோலூன்றி நடக்கிறான்.

அந்த மனிதர் நம்மிடம் உதவி கேட்க வரவில்லை. ஒரு கேள்வி கேட்க வந்தார். “ஐயா, எங்கள் தெருவில் முன்பு ஒரு சின்னப் பெண்ணுக்குக் கால் வராமல் போனபோது ஜீப்பு வைத்துக்கொண்டு ஆபீஸர் வந்தார், எழுதிக்கொண்டு போனார், மறுபடியும் வந்து பார்த்தார். என் பையனை ஏன் யாரும் எழுதிக்கொள்ளவில்லை?” என்றார்.

பதில் நமக்குத் தெரிந்ததுதான். பையனுக்குப் பதினாறு வயது. விதி பதினைந்தோடு நின்றுவிடுகிறது. போலியோ என்று வைத்தியர் சந்தேகித்தால் எந்த வயதினரையும் எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் போலியோ போய்விட்ட தேசத்தில் பதினாறு வயதுப் பையனைப் பார்த்து யார் போலியோவைச் சந்தேகிப்பார்கள்? இந்தப் பதிலை அவரிடம் சொன்னபோது நமக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

பையனுக்கு வந்த வியாதிக்குக் கில்லன்-பாரே என்று பெயர். 1916-ம் வருஷம், ஐரோப்பிய மகாயுத்தத்தின் நடுவில், பிரெஞ்சு சேனையின் வைத்தியர்களான ஜார்ஜ் கில்லன், ழான் அலெக்ஸாந்தர் பாரே, ஆந்த்ரே ஸ்த்ரோல் என்ற மூவர், கை கால் சோர்ந்து விழுந்து பின்னர் தேறிய இரண்டு சிப்பாய்களைப் பற்றி எழுதினார்கள். முதுகுத்தண்டின் நீரில் புரதம் மிகுந்திருக்கிறது, ஆனால் சீழணுக்கள் பெருகவில்லை என்பதை அவர்கள் கண்டு சொன்னார்கள். இன்றும் அது ஒரு முக்கியமான அடையாளம். 1859-ம் வருஷத்திலேயே லாந்திரி என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் காலிலிருந்து மேலே ஏறும் வாதத்தை வர்ணித்திருந்தார். உலகம் லாந்திரியையும் மறந்தது, மூன்றாமவரான ஸ்த்ரோலையும் மறந்தது. நரம்பின் துடிப்புகளைக் கருவி கொண்டு பதிந்து கொடுத்தவர் ஸ்த்ரோல். கமிட்டிகளில் வேலை செய்து பழகிய நமது நண்பர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

இவ்வியாதியின் தன்மை விசித்திரமானது. கிருமி நேராக நரம்பைத் தின்பதில்லை. கிருமி வந்து, உடம்பு அதனுடன் போராடி வென்று, ஜுரம் இறங்கி, வீட்டார் நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு, சில நாட்களோ சில வாரங்களோ கழித்து இது வருகிறது. வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு முந்திய ஆறு வாரங்களுக்குள் ஜலதோஷ ஜுரமோ வயிற்றுப்போக்கோ இருந்திருக்கும். இன்புளுயன்ஸா, ஸைட்டோமெகலோ, எப்ஸ்டைன்-பார் போன்ற வைரஸ்களும், கோழி இறைச்சியிலும் அசுத்த நீரிலும் பரவும் காம்ப்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியாவும் பேர் போன காரணங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகும், கோவிட் ஜுரத்துக்குப் பிறகும் வைத்தியர்கள் இதைக் கண்டிருக்கின்றனர். பசிபிக் சமுத்திரத்துப் பிரெஞ்சுப் பாலினேஷியாவில் 2013, 2014 வருஷங்களில் ஸீக்கா ஜுரம் பரவியபோது, அச்சிறு தீவுக் கூட்டத்தில் மாத்திரம் 42 பேருக்கு இவ்வாதம் கண்டது.

நியாயஸ்தலத்தில் காலம் கழித்த நமக்கு இது நன்றாக விளங்குகிற விஷயம். அடையாள அணிவகுப்பில் சாட்சி தவறு செய்வதில்லையா? குற்றவாளியின் முகஜாடை கொண்ட ஒரு நிரபராதியைச் சுட்டிக்காட்டிச் சத்தியம் செய்கிறான். பொய் சொல்வதில்லை, உண்மையாகவே நம்பிச் சொல்கிறான். உடம்பின் காவல் சேனையும் அப்படியே. காம்ப்பிலோபாக்டர் கிருமியின் மேற்புறத்திலுள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலி, நமது நரம்பின்மீதுள்ள காங்கிளியோஸைடு என்ற பொருளைப் பெரிதும் ஒத்திருக்கிறது. கிருமிக்காகத் தயாரிக்கப்பட்ட ஆயுதம் நரம்பின்மீது பாய்கிறது. சிலருக்கு நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை உரிகிறது. சிலருக்கு நரம்பின் உட்கம்பியே அறுபடுகிறது. உறை உரிந்தவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் தேறுகிறார்கள். கம்பி அறுபட்டவர்களின் நிலை கடினம்.

வடசீனத்தில் ஹெபெய் மாகாணத்துக் கிராமங்களில் கோடைகாலந்தோறும் சிறுவர்களும் வாலிபர்களும் கூட்டமாகக் கால் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தனர். சீன வைத்தியர்களும் அமெரிக்க வைத்தியர்களும் சேர்ந்து ஆராய்ந்து, உட்கம்பி அறுபடும் இந்த வகையை 1991-ம் வருஷம் உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்கள். பட்டணத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் கிராமத்துப் பிள்ளைகளுக்கே அது மிகுதியாக வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்தத் தவறு மனிதன் கையாலும் நேர்ந்ததுண்டு. அதற்கு நமது நீலகிரியிலேயே சாட்சி இருக்கிறது. 1907-ம் வருஷம் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் ஏற்பட்டது. 1911-ம் வருஷம் கஸௌலியில் டேவிட் ஸெம்பிள் என்ற ஆங்கிலேயர், வெறிநாய்க் கிருமி ஏற்றிய ஆட்டு மூளையைக் கார்பாலிக் திராவகத்தில் பக்குவம் செய்து நாய்க்கடிக்கு மருந்து தயாரித்தார். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நமது தகப்பனார் தலைமுறை நடுங்கிய ஊசி அதுதான். எண்ணற்ற உயிர்களை அது காப்பாற்றியது. அதை மறைப்பது நன்றிகேடு. ஆயினும் ஆட்டு மூளையோடு ஆட்டு நரம்பின் கொழுப்புறையும் உடம்பில் ஏறியபடியால், சிலருக்கு அவர்களுடைய சொந்த நரம்பையும் மூளையையும் உடம்பே தாக்கி வாதம் கண்டது. நாய் கடித்தும் பிழைத்து, மருந்தினால் முடமானவர்களை நமது கிராமங்களில் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். செல்வ தேசங்கள் அம்மருந்தை எப்பொழுதோ கைவிட்டன. கைவிடும்படி உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் பல வருஷங்களாகச் சொல்லி வந்தார்கள். நமது தேசத்தில் அதன் உற்பத்தி முற்றிலும் நின்றது 2004-ம் வருஷக் கடைசியில். அந்நிய ஆட்சி தொலைந்து ஐம்பத்தேழு வருஷங்களுக்குப் பிறகு! அது மலிவு, ஏழைக்கு அது போதும் என்ற எண்ணத்துக்கு வெள்ளைக்காரனை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசியே வேண்டாமென்று சொல்லும் கூட்டத்தார் நம்மைத் துணைக்கு அழைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் துணையல்ல. 1976-ம் வருஷம் அமெரிக்காவில் பன்றி இன்புளுயன்ஸாவுக்காகச் சுமார் நாலரைக் கோடி ஜனங்களுக்கு ஊசி போட்டபோது, லக்ஷம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் வீதம் இவ்வாதம் அதிகமாகக் கண்டது. டிசம்பர் மாதத்தில் ஊசி நிறுத்தப்பட்டது. இது உண்மை. ஆனால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அதனால். இன்புளுயன்ஸா ஜுரம் தானே உண்டாக்கும் அபாயம், இன்றைய இன்புளுயன்ஸா ஊசியால் வரக்கூடிய அபாயத்தைக் காட்டிலும் பெரிது என்பதும் அப்படி எண்ணித் தெரிந்துகொண்டதுதான்.

இது அபூர்வமான வியாதி. இதற்கென்று தலையங்கம் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். உலகத்தில் வருஷத்துக்கு லக்ஷம் ஜனங்களில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது என்பது கணக்கு. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லக்ஷம். லக்ஷத்துக்கு ஒன்று என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு எழுநூறு பேருக்கு மேலாகிறது. அவர்களில் எல்லோரும் பிள்ளைகள் அல்லர். வயது ஏற ஏற இது அதிகமாகிறது. ஆயினும் ஒரு ராஜ்யத்தில் வருஷத்துக்கு எழுநூறு பேர் ரயில் விபத்தில் அகப்பட்டால் அதை அபூர்வம் என்று நாம் சொல்வோமா? மேலும், போலியோ நீங்கிய பிறகு, இந்தியாவில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் திடீர் வாதத்துக்கு முதன்மையான காரணங்களில் ஒன்றாக நிற்பது இதுவே. வருஷந்தோறும் பல்லாயிரம் பிள்ளைகளைத் தேடி விசாரிக்கிற அந்தப் பெரிய யந்திரம், “போலியோ அன்று” என்று எழுதிக் காகிதத்தைக் கட்டி வைத்துவிடுகிறது. அறுபது நாள் கழித்துச் சிலரை மறுபடி பார்ப்பதுண்டு. அதுவும் போலியோவா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்கே. பிள்ளை நடந்தானா, பள்ளிக்கூடம் திரும்பினானா என்பது அக்காகிதத்தின் கவலையன்று.

வயது வரம்பைப் பற்றி நமது சட்டங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பதினைந்து நிரம்பாதவனைக் குழந்தை என்றும், பதினைந்து நிரம்பிப் பதினெட்டு நிரம்பாதவனைக் குமாரப் பருவத்தினன் என்றும் தனியாகப் பிரித்து, அவனுக்கென்று பாதுகாப்புகள் செய்திருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பதினெட்டு வரை அவன் குழந்தை. யந்திரத்தின் முன் நிற்கும்போதும், குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போதும் அவன் யார் என்று சட்டத்துக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்தால் தெரியவில்லை. பெரும்பாலான சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டு வயதோடு குழந்தைப் பகுதி முடிந்துவிடுகிறது. பதின்மூன்று வயதுப் பெண், மாரடைப்பும் ஈரல் நோயும் கண்ட முதியவர்களின் நடுவில் கிடத்தப்படுகிறாள். குழந்தை வைத்தியருக்கு அவள் பெரியவள். பெரியவர்களின் வைத்தியருக்கு அவள் சிறுமி.

இவ்வியாதியில் காலமே பிரதானம். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. நான்கு வாரத்தைத் தாண்டி ஏறுவதில்லை. நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்கு மூச்சுத் தசைகள் சோர்ந்து யந்திரம் தேவைப்படுகிறது. நல்ல சிகிச்சை கிடைத்தும் நூற்றுக்கு ஐவர் அளவில் மாண்டுபோகிறார்கள். ஐந்தில் ஒருவர் ஆறு மாதம் கழித்தும் துணையின்றி நடக்க முடிவதில்லை. பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். அப்படித் தேறக்கூடிய பிள்ளை, வழியில் மூச்சடைத்து மாண்டால் அது வியாதியின் குற்றம் மட்டுமன்று. இரண்டு காலும் ஒருங்கே பலம் குறைந்து வந்தால், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிப் பார்ப்பது எந்த வைத்தியரும் செய்யக்கூடிய காரியம். இருபது வரை எண்ண முடியாமல் திணறினால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாகாது. முழங்காலில் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பதற்கும் செலவு ஒன்றுமில்லை.

ஸ்டீராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூளையையும் தண்டுவடத்தையும் உடம்பே தாக்கும் வேறு சில வியாதிகளில் அது நல்ல மருந்து. கில்லன்-பாரே வியாதியில் மாத்திரம் அதனால் பயனில்லை. மாத்திரையாகக் கொடுத்தால் குணம் தாமதப்படவும் கூடும். சோதனைகள் செய்து இது தீர்மானமாகி வெகு காலமாயிற்று. ஆயினும் கடைத்தெருவில் அது மலிவாகக் கிடைக்கிறது. நெசவாளரின் மகன் இழந்த ஐந்து நாட்களில் மூன்று நாள் அந்த மாத்திரையின்மீது வைத்த நம்பிக்கையில் போயின.

பயன் தருகிற சிகிச்சை இரண்டு. ரத்தத்தின் தெளிநீராகிய பிளாஸ்மாவை யந்திரத்தால் எடுத்து, அதிலுள்ள தவறான ஆயுதங்களோடு கொட்டிவிட்டு, மாற்று நீர் செலுத்துவது ஒன்று. இது 1985-ம் வருஷம் அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனையில் நிரூபணமாயிற்று. மற்றொன்று, ஆயிரக்கணக்கான ஜனங்களின் ரத்தத்திலிருந்து திரட்டிய இம்யூனோகுளோபுலினை ரத்த நாளத்தின் வழியாகச் செலுத்துவது. இதுவும் சமமான பலன் தருகிறதென்று 1992-ம் வருஷம் ஹாலந்து தேசத்தார் காட்டினார்கள். உடம்பின் எடையில் கிலோவுக்கு இரண்டு கிராம் வீதம், ஐந்து நாட்களில் கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பையனுக்குத் தொண்ணூறு கிராம். கடையில் வாங்கினால் விலை லக்ஷக்கணக்கில் நிற்கிறது. நெசவாளர் தறியை விற்றார் என்று எழுதினால் அது வாசகர்களின் கண்ணீருக்காக எழுதியதாகும், அவர் விற்கவில்லை. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தார். காப்பீட்டு அநுமதி நான்காம் நாள் வந்தது. எஞ்சிய மருந்துக்கு அது உதவிற்று. காப்பீட்டுத் திட்டங்கள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஐந்து நாள் மருந்துக்கு நான்காம் நாள் அநுமதி என்றால், மருந்து முதல் நாளே ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்க வேண்டுமென்று சொல்கிறோம். 1996-ம் வருஷம், மேற்கு வங்காளத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில், அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியல் சட்டத்தின் 21-வது விதி தரும் ஜீவிய உரிமையை மீறுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்துவிட்டனர். பணமில்லை என்ற சமாதானம் செல்லாது என்பதும் அத்தீர்ப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு சுதேசி விஷயமும் இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் எந்த ஆகாயத்திலிருந்தும் விழுவதன்று. மனிதரின் ரத்தத்திலிருந்தே வருகிறது. ரத்தத்தை விலைக்கு விற்பது நமது தேசத்தில் சுப்ரீம் கோர்ட்டின் 1996-ம் வருஷத் தீர்ப்பின்படி 1998-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியோடு நின்றது. அது முதல் காலேஜ் மாணவர்களும், ஆலைத் தொழிலாளிகளும், ரசிகர் மன்றத்தாரும் கூட இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. அந்த ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பிரித்த பின் மிஞ்சும் பிளாஸ்மாவே இம்மருந்தின் கச்சாப் பொருள். மிகுந்த பிளாஸ்மாவை மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்து, பண்டமாற்றாக மருந்தைப் பெறுவதற்கு விதியும் இருக்கிறது. பஞ்சு இங்கிருந்து போய்த் துணியாகத் திரும்பி வந்த கதையை நமது பாட்டன்மார் அறிவார்கள். தானமாகக் கொடுத்த ரத்தம் அரிய விலையுள்ள புட்டியாகத் திரும்பி வரும்போது, அந்தத் தானத்தில் ஒரு பங்காவது தானம் கொடுத்த ஊரின் ஆஸ்பத்திரிக்கு மருந்தாக வருகிறதா என்று கணக்குக் கேட்க ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு. ஒவ்வொரு சர்க்கார் ரத்த நிலையமும் வருஷத்தில் எத்தனை லிட்டர் கொடுத்தது, பதிலுக்கு எத்தனை கிராம் பெற்றது என்று பிரசுரிக்கட்டும்.

அண்டை நாடான வங்காள தேசத்தைப் பார்ப்பதில் நமக்கு அவமானமில்லை. விலையுயர்ந்த யந்திரமும் மருந்தும் இல்லாமல், படுக்கையருகிலேயே ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துப் பையில் தொங்கவிட்டு, சிவப்பணுக்கள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் பிளாஸ்மாவை அகற்றி, அணுக்களைத் திரும்பச் செலுத்தும் முறையை டாக்கா நகரத்து ஆராய்ச்சியாளர் 20 பெரியவர்களிடம் சோதித்து, அது அபாயமின்றிச் செய்யக்கூடியதே என்று 2018-ம் வருஷம் வெளியிட்டனர். ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டு நாள் செய்யும் வேலை. பெரிய பரிசோதனை நடந்த பின்னரே பலனை நிச்சயமாகச் சொல்லலாம். நமது வைத்தியக் கலாசாலைகள் அப்பரிசோதனையை ஏன் மேற்கொள்ளக்கூடாது? ஆட்கள் இருக்கிறார்கள், நோயாளிகளும் இருக்கிறார்கள்.

பூனா நகரத்தில் 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திரார்கள். சிங்கக் கோட்டைச் சாலைப் பக்கத்திலே, நகரத்தோடு புதிதாகச் சேர்க்கப்பட்ட கிராமங்களில், சில வாரங்களுக்குள் இருநூறு பேருக்கு மேல் இவ்வாதம் கண்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அசுத்தமான குடிதண்ணீர்மீதே சந்தேகம் சென்றது. காம்ப்பிலோபாக்டர் கிருமியும் நோரோ வைரஸும் நோயாளிகளிடம் காணப்பட்டன. மத்திய சர்க்கார் நிபுணர்கள் விரைந்து சென்றார்கள். ஆஸ்பத்திரிகளில் ஒரே சமயத்தில் பலர் வந்து குவிந்தபடியால் விஷயம் வெளிப்பட்டது. அதே இருநூறு பேர் ஒரு வருஷத்தில், பத்து ஜில்லாக்களில், ஊருக்கு ஒருவராக விழுந்திருந்தால்? கிராமத்தை நகரத்தோடு சேர்த்து வரி வாங்கத் தெரிந்த முனிஸிபாலிடிகள், குடிதண்ணீரைச் சேர்க்க மறந்துவிடும் பழக்கம் பூனாவுக்கு மாத்திரம் சொந்தமன்று.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. வாதம் கண்ட பிள்ளைகளைப் பதினைந்து வயது வரை தேடுகிற யந்திரம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், நமூனாக்கள் அச்சாகியிருக்கின்றன. தமிழ்நாட்டின் அளவிலாவது அதைப் பதினெட்டு வரை நீட்டி, “போலியோ அன்று” என்பதற்குக் கீழே “ஆனால் என்ன?” என்று மற்றொரு வரியும், ஆறு மாதம் கழித்துப் பிள்ளையின் நிலை என்ன என்று இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வைத்தியக் கலாசாலை ஆஸ்பத்திரியிலும், ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும், குறைந்தது இரண்டு பிள்ளைகளுக்கு முதல் நாளே தொடங்கப் போதுமான மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். உயிர் பிழைத்து வீடு திரும்பியவனுக்குத் தசைப் பயிற்சி மாதக்கணக்கில் தேவை. அதற்கு வாரந்தோறும் ஜில்லாத் தலைநகரத்துக்கு பஸ் ஏறிப் போகச் சொன்னால், கூலி வேலைக்காரனின் மகன் மூன்றாம் வாரத்தோடு நிறுத்திவிடுவான்.

1939-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம் தொற்று நோய்களுக்கே உரியது; கில்லன்-பாரே தொற்றுவதில்லையே என்று காரியதரிசிகள் குறிப்பு எழுதக்கூடும். தொற்றுவதில்லை என்பது மெய். ஆனால் அதற்கு முன்னால் வந்த கிருமி தொற்றுகிறது. அது வந்த கிணறு ஊருக்கெல்லாம் பொது. சட்டம் இடங்கொடாது என்று தோன்றினால் சட்டத்தைத் தொடவே வேண்டாம். சுகாதார இலாகாவின் சுற்றறிக்கை ஒன்று போதும். பதினைந்து என்று இருக்கும் இடத்தில் பதினெட்டு என்று எழுதுவதற்குச் சட்டசபை கூடவேண்டிய அவசியமில்லை.

நெசவாளரின் மகன் வருகிற வருஷம் மறுபடியும் பதினோராம் வகுப்பிலே சேர்வானாம். பேனாவைப் பிடிக்க விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. சுற்றறிக்கை வெளியாகுமாயின் அதன் தேதியையும் எண்ணையும் இதே பத்தியில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். அவருக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறோம்.